ஓடாமல் நிற்கும் எம்ஜிபி: ஆறு லட்சமா, இருபத்தெட்டு லட்சமா?

கேள்வி: புதுச்சேரி ரெயின்போ நகரில் வசிக்கிறேன். மறைந்த என் தந்தையார் 1970-களின் பிற்பகுதியில் வாங்கிய எம்ஜிபி ரோட்ஸ்டர் கார் (1971 மாடல், கூரையை மடக்கும் வகை, இரண்டு இருக்கை) எங்கள் வீட்டு ஷெட்டில் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. தானே புயலில் ஷெட்டின் தகரம் பறந்துவிட்டது. ஃபெஞ்சல் மழையின்போது ஷெட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. இப்போது நாங்கள் மூவரும் பாகம் பிரித்துக்கொள்கிறோம். கார் நிற்கும் வீடு என் பங்கில் வருவதால் காரையும் நானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், இங்கிலாந்தில் இதே கார் 24,000 பவுண்டுக்கு விளம்பரம் செய்யப்பட்டிருப்பதால் என் கணக்கில் 28 லட்சம் எழுத வேண்டும் என்றும் அண்ணன் சொல்கிறார். ஒரு பிரெஞ்சுத் தூதரக அதிகாரி ஓட்டிய கார், தென்னிந்தியாவிலேயே இதுபோல் வேறு இல்லை என்பதும் அவருடைய வாதம். சென்னையிலிருந்து வந்து பார்த்த தரகர் 6 லட்சம் தருவதாகச் சொல்லி, முன்பணமும் கொடுக்க முன்வந்தார். இரண்டு லட்சம் செலவழித்துப் பெயின்ட் அடித்தால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் எங்கள் டிங்கர். உண்மையில் இந்தக் காரின் மதிப்பு என்ன? சேஸிஸ் எண் ஜிஎச்என்5 என்று தொடங்குகிறது.

பதில்: நான் கடலூரில் வாகன மதிப்பீடும் இன்சூரன்ஸ் சர்வேயும் செய்பவன். காரை நேரில் பார்க்காமல் ஒரே ஒரு தொகையை எழுதித் தருவது முறையாகாது. ஆனால் உங்கள் முன்னிருக்கும் இரண்டு தொகைகளில் எது எதற்கான விலை என்பதைக் கடிதத்தை வைத்தே சொல்லிவிட முடியும். அண்ணன் சொல்வது முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு, ஓடும் நிலையில், வேறொரு நாட்டில் நிற்கும் ஒரு காருக்கு ஒருவர் கேட்கும் விலை. தரகர் சொல்வது உங்கள் ஷெட்டில் இன்று நிற்கும் காருக்கு, எடுத்துச் சென்று சரிசெய்து விற்றால் தனக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு வியாபாரி போட்ட கணக்கு. பாகப்பிரிவினையில் எழுத வேண்டியது உள்ளது உள்ளபடி இந்தக் காரை இந்த இடத்தில் விற்றால் கிடைக்கக்கூடிய தொகை என்பதால், இரண்டில் தரகருடைய தொகைதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அது எவ்வளவு அருகில் என்பதைக் காரின் அடிப்பகுதியும் உங்கள் பீரோவிலுள்ள காகிதங்களும்தான் தீர்மானிக்கும்.

முதலில் அந்த விளம்பரத்தைப் பார்ப்போம். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரான கார். மூடிய கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலக அளவில் இது அரிய கார் அன்று. அதன் புகழே எளிதில் கிடைக்கும், எளிதில் பழுது பார்க்கலாம் என்பதால் வந்தது. 1974 வரை வந்த க்ரோம் பம்பர் கார்களுக்கு அதன்பின் வந்த ரப்பர் பம்பர் கார்களைவிட மதிப்பு அதிகம். உங்களுடையது க்ரோம் பம்பர் காலத்தது என்பது நல்ல செய்தி. ஆயினும் பிரிட்டனிலேயே நன்றாக ஓடும், பார்வைக்கும் நன்றாயிருக்கும் க்ரோம் பம்பர் ரோட்ஸ்டர் பெரும்பாலும் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் பவுண்டுக்குள் கைமாறுகிறது. வேலை நிறைய பாக்கியுள்ள கார்கள் சில ஆயிரம் பவுண்டுக்கே போகின்றன. 24,000 பவுண்டு என்பது அந்தச் சந்தையின் உச்சாணிக் கொம்பு, அதுவும் கேட்ட விலை. விற்ற விலை என்ன என்பது விளம்பரத்தில் இருக்காது. மேலும் அங்கே ஒரு காருக்கு நூறு வாடிக்கையாளர்களும், தெருவுக்கு ஒரு உதிரிபாகக் கடையும் உண்டு. இங்கே இப்படிப்பட்ட காரைத் தேடி வருபவர்கள் சென்னை, பெங்களூரு, கோவை, மும்பை என எல்லா ஊரையும் சேர்த்தால்கூட ஒரு சிறு வட்டம்தான், அவர்களும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எனவே, ‘தென்னிந்தியாவில் வேறு இல்லை’ என்ற அண்ணனின் வாதம் உண்மையாகவே இருந்தாலும், அது விற்பவருக்குச் சாதகமாவதைப் போலவே பாதகமும் ஆகும்: ஒப்பிட்டு விலை சொல்ல இன்னொரு கார் இல்லை, இரண்டாவது ஆள் போட்டிக்கு வரும்வரை முதல் ஆள் விலையை ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. காரைக் கப்பலேற்றி அங்கேயே விற்கலாமே என்று யாராவது சொன்னால், ஓடாத காரை அனுப்பும் செலவும் அங்கே கட்ட வேண்டிய வரியும் அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

இனி காருக்கு வருகிறேன். எம்ஜிபிக்கு ஜீப்பைப் போலத் தனியாகக் கழற்றி வைக்கக்கூடிய சேஸிஸ் கிடையாது. பாடியே சுமை தாங்கும் அமைப்பு. மேலே கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் முக்கியமான உறுப்புகள் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரண்டு சில்கள்தாம். இவை வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கடுக்காக, உள்ளே கூடாக இருக்கும். துரு உள்ளிருந்து தொடங்கும் என்பதால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே ஒன்றும் மிஞ்சாமல் போயிருக்கலாம். புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் நிற்கும் காரில் உப்புக் காற்று என்ன செய்யும் என்பதை உங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளே உங்களுக்குச் சொல்லியிருக்கும். அதனால் இந்தக் காரைப் பார்க்க வரும் விவரமறிந்த எவரும் இன்ஜினுக்கு முன்னால் சில்லைத்தான் பார்ப்பார். கார் நான்கு சக்கரங்களில் நிற்கும்போது கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டு, பிறகு பக்கவாட்டில் ஜாக்கி போட்டுத் தூக்குவார்கள். அந்த இடைவெளி மாறினாலோ, கதவு இறுகி மூட மறுத்தாலோ சில் போய்விட்டது என்று பொருள். (இதை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். துருப்பிடித்த சில்லில் ஜாக்கி வைத்தால் அது தகட்டைக் குத்திக்கொண்டு மேலே வரும்.) நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில்லின் மேலும் முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் அடிப்பகுதியிலும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடங்களில் இரும்புக்குப் பதிலாகப் பட்டி (ஓட்டையை அடைக்கப் பூசும் பசை) இருக்கிறது. அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துப் படமெடுத்து வைத்துக்கொண்டால், மதிப்பீட்டாளர் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஃபெஞ்சல் தண்ணீர் பற்றி நீங்கள் மறைக்காமல் எழுதியது நல்லது. 2024 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது ரெயின்போ நகரில் தண்ணீர் நின்றதை வாங்க வருபவர் எப்படியும் விசாரித்துத் தெரிந்துகொள்வார். தேங்கியது மழைத்தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும்தான், கடல்நீர் அல்ல என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் எம்ஜிபி தரையோடு தாழ்ந்த கார். முழங்காலளவு தண்ணீரில் சில்கள், தளம், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாமே மூழ்கியிருக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் தளத்துக்குக் கீழே இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளுக்கான பெட்டிகள் உண்டு. பல ஆண்டு கசிந்த ஆசிட்டும் இந்தத் தண்ணீரும் சேர்ந்து அவற்றின் அடித்தகட்டை அரித்திருக்க வாய்ப்பு மிகுதி. மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள், தரை தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எந்தச் சூழ்நிலையிலும் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் அதை முழுமையாக வடித்துவிட வேண்டும். புதிதாக ஊற்றப்போகும் பெட்ரோலில் இப்போது இருபது விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களையும் மாற்றாமல் இன்ஜினை ஓட்டுவது தீ விபத்துக்கு வழி.

இன்ஜின் இறுகியிருந்தால்கூட அதற்காக விலை பாதாளத்துக்குப் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் நாற்பது ஆண்டுக்கு மேல் டாக்சியாக ஓடிய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அதே குடும்பத்தின் சிறிய உறவு. அதனால் முறைப்படி தொழில் கற்ற பழைய மெக்கானிக் எவருக்கும் இந்த இன்ஜின் அந்நியமாகத் தோன்றாது, உதிரிபாகங்களையும் இங்கிலாந்திலிருந்து புதிதாகவே வரவழைக்க முடியும்.

இந்த உறவிலேயே ஒரு பெரிய ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இறக்குமதிப் பாகங்கள் கிடைக்காத காலத்தில், இன்ஜின் போன எம்ஜி கார்களில் அம்பாசடர் இன்ஜினையே ஏற்றி ஓட்டியவர்கள் உண்டு. ஓட்டுவதற்கு அது போதும், விற்பதற்குப் போதாது. பிளாக்கின் பக்கவாட்டில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இன்ஜின் எண் இருக்கும். துணியால் துடைத்துப் பாருங்கள். எம்ஜிபியின் சொந்த இன்ஜின் என்றால் அந்த எண் 18 என்று தொடங்கும், ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு அது எழுத்துக்கெழுத்து பொருந்தவும் வேண்டும். பொருந்தாவிட்டால் சேகரிப்பாளர் விலை என்ற பேச்சுக்கே இடமில்லை, கார் வெறும் பழைய காராகிவிடும். சேஸிஸ் எண்ணைப் பொறுத்தவரை நீங்கள் எழுதிய ஜிஎச்என்5 என்பது 1969-இன் இறுதிக்குப்பின் வந்த ரோட்ஸ்டர் என்பதைக் காட்டுகிறது, உங்கள் 1971-க்குப் பொருந்துகிறது. அதையடுத்து ‘யு’ என்ற எழுத்து வந்தால் அது அமெரிக்காவுக்காகச் செய்த இடப்பக்க ஸ்டியரிங் கார். உங்கள் காரில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கெய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் அந்தத் தொழிற்சாலையின் பதிவேடுகள் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், கார் எந்த நாளில் தயாரானது, முதலில் என்ன நிறம், எந்த இன்ஜினோடு, எந்த நாட்டுக்குப் போனது என்ற விவரங்களோடு சான்றிதழ் தருவார்கள். டிங்கருக்கு இரண்டு லட்சம் கொடுப்பதற்கு முன்னால் இந்தச் சிறு செலவைச் செய்யுங்கள் என்பேன்.

பிரெஞ்சுத் தூதரக அதிகாரி ஓட்டிய கார் என்ற செய்திக்கு வருகிறேன். புதுச்சேரியில் விற்பனைக்கு வரும் பழைய பொருள்களில் பிரெஞ்சுக்காரர் கைபடாதது எதுவும் இல்லை என்று எங்கள் தொழிலில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உங்கள் காரின் கதை உண்மையாகவும் இருக்கலாம். தூதரக அதிகாரிகள் கொண்டுவந்த வெளிநாட்டுக் கார்கள் அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக ஏலத்தில் இங்குள்ளவர்களுக்குக் கைமாறியது அந்தக் காலத்தின் வழக்கம். அப்படியென்றால் ஏலக் கடிதமோ, சுங்கத் தாளோ, முதல் பதிவுப் புத்தகத்தில் முன் உரிமையாளர் பெயரோ எங்காவது இருந்தாக வேண்டும். தந்தையாரின் கோப்புகளில் அது கிடைத்தால் வாங்குபவர் தயங்காமல் கூடுதல் பணம் வைப்பார். கிடைக்காவிட்டால் அந்தக் கதைக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்க்க முடியாது, பாகக் கணக்கில் அண்ணன் அதைச் சேர்க்கவும் விடக்கூடாது. சுங்கத் தாள் வேறொரு காரணத்துக்காகவும் தேவை: வெளிமாநிலத்தவர் வரியைக் குறைக்கப் போலி முகவரி காட்டிப் புதுச்சேரியில் ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்த வழக்குகள் செய்தியான பிறகு, பிஒய் என்று தொடங்கும் பதிவெண்ணுள்ள வெளிநாட்டுக் காரைப் பார்த்தாலே வாங்குபவர்கள் காகிதங்களை இருமுறை புரட்டிப் பார்க்கிறார்கள்.

ஆர்.சி. இன்னும் தந்தையார் பெயரில்தான் இருக்கும் என்று கொள்கிறேன். உரிமையாளர் மறைந்தால் முப்பது நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தால் அபராதத்தோடு செய்துகொள்ளலாம், ஆனால் செய்யாமல் விற்க முடியாது. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். விட்டுப்போயிருந்தால், இறக்குமதிக் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் உள்ளூர்க் காருக்கானதைப் போலப் பல மடங்கு என்பதால், அந்தச் செலவையும் மதிப்பிலிருந்து கழிக்க வேண்டும். இதற்கு மாற்றாக 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த காரை விண்டேஜ் வாகனமாக ‘விஏ’ என்ற எழுத்துகள் சேர்ந்த எண்ணில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அப்படிப் பதிந்த காரை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு மட்டுமே இந்தப் பதிவு கிடைக்கும் என்பதால், மேலே சொன்ன இன்ஜின் எண் இங்கேயும் குறுக்கே வந்து நிற்கும்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் நான் கணக்குப் போடும் முறையைக் காட்டுகிறேன். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. துருவற்ற, ஓடும், காகிதம் சரியாக உள்ள இதே வகைக் கார் நம் பக்கத்தில் உண்மையாகவே 18 லட்சத்துக்கு விற்றதற்குச் சான்று கிடைத்தது என்று கொள்வோம். சில்களும் தளமும் மாற்றும் டிங்கர் வேலையும் அதன்பின் பெயின்ட்டும் 5 லட்சம். இன்ஜின், பிரேக், வயரிங், டயர் 2.5 லட்சம்; ஹூட் (மடக்கும் கூரை), இருக்கை, உள்வேலை 1.5 லட்சம், பதிவு, காகிதம் அரை லட்சம். மிஞ்சுவது 8.5 லட்சம். பிரித்த பிறகுதான் தெரியவரும் சேதத்துக்காகவும், ஓராண்டு பணத்தை முடக்குவதற்காகவும் வாங்குபவர் ஒன்று ஒன்றரை லட்சம் பிடித்துக்கொள்வார். சுமார் 7 லட்சத்தில் கணக்கு வந்து நிற்கும். சில் நன்றாக இருந்து, இன்ஜின் எண் பொருந்தி, ஏலக் கடிதமும் கிடைத்தால் இதே கணக்கு பத்தைத் தாண்டலாம். சில் போய், இன்ஜினும் மாறியிருந்தால் தரகரின் ஆறு லட்சமே தாராளம். எப்படிப் பார்த்தாலும் 28 லட்சத்துக்கு இந்தக் கணக்கில் வழியில்லை.

பெயின்ட் அடிக்க வேண்டாம். கடலோர ஊரில் ஓடாமல் நின்ற கார் திடீரெனப் புதுப் பெயின்ட்டோடு வந்தால், எதை மூடி மறைத்தார்கள் என்ற கேள்விதான் முதலில் எழும். அந்த இரண்டு லட்சம் விலையில் திரும்பி வராது, அடுத்தவர் அதைச் சுரண்டித்தான் வேலையைத் தொடங்குவார். தார்ப்பாய் போர்த்தியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், உள்ளே ஈரம் பிடித்து வைப்பது அதுதான். நன்றாகக் கழுவிக் காயவைத்து, தரைவிரிப்புகளை உருவி, டயரில் காற்றடித்துக் காரை வெளிச்சத்துக்குத் தள்ளி, அடிப்பகுதி உள்பட எல்லாப் பக்கமும் படமெடுங்கள். கழற்றி வைத்த பழைய பாகங்கள், உபரிச் சாவி, கையேடு, ஜாக்கி, மரப்பெட்டிக்குள் கிடக்கும் ஹூட் கம்பிகள் எதையும் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். இந்த வகைக் காரில் அவற்றுக்குத் தனி விலை உண்டு.

அண்ணனிடம் இரண்டு வழிகளை முன்வையுங்கள். கார் 28 லட்சம் பெறும் என்று அவர் உண்மையிலேயே நம்பினால், அதே தொகைக்கு அவரே தம் கணக்கில் எடுத்துக்கொண்டு ஷெட்டிலிருந்து கொண்டுசெல்லட்டும். அது வேண்டாம் என்றால் காரைப் பாகக் கணக்கில் சேர்க்காமல் மூவர் பெயரிலும் பொதுவில் வைத்து, விற்கும்போது வரும் தொகையைச் சமமாகப் பிரித்துக்கொள்வதாகப் பத்திரத்தில் எழுதுங்கள். அதுவரை ஆகும் பராமரிப்புச் செலவையும் மூவரும் ஏற்பதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தொகை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ‘உள்ளது உள்ளபடி’ நிலைக்கு, தேதியிட்ட எழுத்துப்பூர்வ மதிப்பீட்டு அறிக்கையை ஒரு மதிப்பீட்டாளரிடம் மூவரும் சேர்ந்து கேட்டுப் பெறுங்கள். இன்சூரன்ஸ் தாளில் உள்ள தொகையை அதற்குச் சான்றாகக் காட்டினால் ஏற்க வேண்டாம். ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு அந்தத் தொகை நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொண்டது, சந்தை விலை ஆகாது.

தரகரின் முன்பணத்தை இப்போது வாங்காதீர்கள். ஆர்.சி. உங்கள் மூவரில் ஒருவர் பெயருக்கு மாறி, மற்ற இருவரும் சம்மதக் கடிதம் கொடுக்கும்வரை நீங்கள் மட்டும் வாங்கும் எந்தத் தொகையும் வழக்குக்கு வித்தாகும். வாரிசுச் சான்றிதழும் படிவம் 31-உம் கையில் வந்த பிறகு, படங்களையும் இன்ஜின் எண்ணையும் அனுப்பி, இன்னும் இரண்டு பேரிடமாவது விலை கேட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.